மூன்றாம் பம்பில் தூங்கிய பிள்ளை

புதுச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக வேலைக்கு வந்திருக்கும் உங்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. முதலாளி போன் போட்டு, "சரோ, புதுப் பிள்ளைங்க வந்திருக்கு, நாலு வார்த்தை சொல்லிட்டுப் போலா" என்றார். நான் வாயைத் திறந்தால் நாலு வார்த்தையோடு நிற்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன். படிக்கப் பொறுமை இல்லை என்றால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திட்டுவதற்கு இப்போது நான் அங்கே இல்லை.

கவுண்டரில் காசு வாங்குவது, பம்பைத் திறந்து விடுவது, கழிவறைச் சாவியைக் கேட்டு வருபவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பது, இதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். பயந்துபோன மனிதரிடம் என்ன பேசுவது என்பதுதான் அது.

பினாங்கு டத்தோ கிராமாட்டில் நீங்கள் இன்று நிற்கிற அதே பெட்ரோல் ஸ்டேஷனில் கவுண்டர் பெண்ணாகச் சேர்ந்து, ஷிப்ட் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள் நான். பெயர் சரோஜா. அந்தப் பெயரில் என்னை யாருக்கும் தெரியாது. மைக் அக்கா என்றால் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் கவுண்டரில் ஒரு மைக் இருக்கிறதே, அதுதான் என் ஆயுதம். எஞ்சினை அணைக்காமல் காருக்குத் தானே பெட்ரோல் எண்ணெய் ஊற்றிக்கொள்கிறவரைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

"பம்ப் நம்பர் நாலு, நீலச் சட்டை அண்ணே, எஞ்சின ஆஃப் பண்ணுங்க. காடி எங்கயும் ஓடிடாது, நான் பார்த்துக்கிறேன்."

"பம்ப் நம்பர் ரெண்டு, காடிய புடிச்சு ஆட்டாதீங்க. அது தொட்டில் இல்ல."

இந்த இரண்டாவது கூத்து நம் ஊருக்கே சொந்தமானது. விலை ஏறப்போகிறது என்று பேச்சு வந்தாலோ, பெருநாளுக்கு ஊருக்குப் போவதாக இருந்தாலோ, குடும்பமே இறங்கி நின்று காரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டும். ஆட்டினால் இன்னும் கொஞ்சம் எண்ணெய் உள்ளே போகுமாம். பம்ப் தானாக நின்ற பிறகும் ஊற்றினால் அது வழிந்து தரையில்தான் ஓடும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது.

முதலாளிக்கு என் மைக் பிடிக்கவே இல்லை. அவருடைய குடும்பத்துக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கடை இருந்தது. சாப்பாட்டுக் கடையில் வளர்ந்தவர், வாடிக்கையாளர் முகம் கோணுவதை அவரால் தாங்க முடியாது.

"கடைக்கு வர்றவங்கள அதட்டலாமா சரோ? எங்க கடையில கறிக்குழம்பு கூட ஊத்துன்னா, சிரிச்சுக்கிட்டே ஊத்துவோம்."

"கறி தீப்பிடிக்காது முதலாளி."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விடுவார். மைக்கின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டும் போவார். அவர் கார் தெரு முனை திரும்பியதும் நான் ஏற்றி வைத்துவிடுவேன்.

எங்களோடு ஒரு மலாய்க்காரர் வேலை பார்த்தார். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், அதனால் சொல்லவில்லை. என் வயதுதான். எல்லாரும் அண்ணன் என்ற பொருளில் 'அபாங்' என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பம்புகளுக்கு இடையே எந்நேரமும் நடந்துகொண்டிருப்பார், பேச்சு மிகக் குறைவு. எனக்கும் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஒருவர் பம்ப் பக்கத்தில் நின்று சிகரெட் பற்றவைத்துவிட்டார். நான் மைக்கைப் பாய்ந்து எடுத்தேன். அதற்குள் அபாங் அவரிடம் போய்ச் சிரித்த முகத்தோடு ஏதோ சொல்ல, அந்த மனிதர் சிகரெட்டும் கையுமாக அவர் பின்னாலேயே நடந்து, டயருக்குக் காற்று அடிக்கும் மூலைக்குப் போய்விட்டார். அங்கே போன பிறகுதான் அபாங் அவர் கையிலிருந்த சிகரெட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். ஆள் நாக்கைக் கடித்துக்கொண்டு அங்கேயே அதை அணைத்தார்.

"என்ன சொல்லிக் கூட்டிப் போனீர்கள்?" என்று மலாயில் கேட்டேன்.

"பின் டயர் இறங்கியிருக்கிற மாதிரி தெரிகிறது, எவ்வளவு காற்று வேண்டும் என்று மீட்டரில் வந்து காட்டுங்கள் என்றேன்."

"டயர் நன்றாகத்தானே இருக்கிறது. இதற்கு எதற்குப் பொய்? ஒரு அதட்டு அதட்ட வேண்டியதுதானே."

அபாங் சொன்னார்: "நீ அதட்டினால் பயந்துபோய்ச் சிகரெட்டைக் கீழே போடுவார். எண்ணெய் ஆவி கீழேதான் கிடக்கிறது. பயந்தவருக்குக் கை எங்கே போகிறது என்று தெரியாது, சரோ. அந்தக் கைக்கு வேறு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும்."

எனக்குக் கோபமாக வந்தது. என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சொன்னது மட்டும் மனதில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு. நம் பினாங்கில் அந்த மாதத்தில் மழை இருக்காது. காற்று காய்ந்து கிடக்கும். உச்சி வெயில். தண்ணீர் பந்தல் வேலைக்கு ஓடுகிறவர்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்று எல்லாப் பம்பிலும் கார். மூன்றாம் பம்பில் ஒரு பழைய சின்னக் கார் வந்து நின்றது. புவனா. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற பெண். எங்கள் அடுக்குமாடிக்கு அடுத்த அடுக்குமாடி. வாரம் தவறாமல் எங்களிடம்தான் எண்ணெய் போடுவாள். பின் சீட்டில் அவள் மகள் யாழினி படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நர்சரிக்குப் போக ஆரம்பித்திருந்த பிள்ளை.

புவனா எஞ்சினை ஓட விட்டுவிட்டு இறங்கினாள். நான் பம்பைத் திறக்கவில்லை. மைக்கை எடுத்து, "புவனா, எஞ்சின்" என்றேன். அவள் பின் சீட்டைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிற ஜாடை காட்டினாள். நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். வேறு வழியில்லாமல் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, காரைப் பூட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். வழிப்பறிக்காரனுக்குப் பயந்து, பெட்ரோல் ஸ்டேஷனில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் காரைப் பூட்டுவது இங்கே எல்லாருக்கும் ஊறிப்போன பழக்கம். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

"அக்கா, காய்ச்சல் புள்ள. இப்பத்தான் கண்ண மூடுனா. ஏசி நின்னா எழுந்துடும். அஞ்சு நிமிஷம்லா."

"புள்ளையத் தூக்கிட்டு உள்ள வா. இங்க ஏசி இருக்கு. நான் வச்சிருக்கேன்."

"தூக்குனா அழும் அக்கா."

"அப்ப எஞ்சின் ஓடாது. ஜன்னலக் கொஞ்சம் இறக்கி விடு, சட்டுனு ஊத்திட்டுக் கெளம்பு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அவள் பக்கம். "பாவம்லா, சின்னப் புள்ள" என்று ஒருவர். "ரொம்பத்தான் ரூல்ஸ் பேசறாங்க" என்று இன்னொருவர் காதில் விழும்படியே சொன்னார். புவனாவின் முகம் சிவந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே அவள் வெறுத்த ஆள் நானாகத்தான் இருப்பேன். நான் அசையவில்லை. காசைக் கட்டிவிட்டு, சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

போய் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டு எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தாள். பம்பின் பிடியை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டாம் என்று அதிலேயே ஒரு கொக்கி உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை மாட்டிவிட்டால் எண்ணெய் தானாகப் போகும். புவனா கொக்கியை மாட்டினாள். அந்த நேரம் பிள்ளை சிணுங்கியிருக்க வேண்டும். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து தட்டிக் கொடுத்தாள்.

இதுதான் கூடாது. எண்ணெய் போய்க்கொண்டிருக்கும்போது உள்ளே ஏறி இறங்கக் கூடாது. காய்ந்த நாளில் சீட்டுத் துணியில் உடம்பு உரசினால் நமக்குத் தெரியாமலே உடம்பில் மின்சாரம் ஏறிக்கொள்கிறது. இறங்கியதும் பம்பிலிருந்து தள்ளி நின்று கதவின் இரும்பைத் தொட்டால் அது அங்கேயே இறங்கிவிடும். நேராகப் போய்ப் பம்பைத் தொட்டால், ஆவி வருகிற இடத்தில் ஒரு பொறி தெறிக்கும். அந்த ஒரு பொறி போதும்.

அவள் ஏறியதைப் பார்த்ததும் நான் மைக்கை எடுத்தேன். வாயருகே கொண்டு போவதற்குள் அவள் இறங்கி, பழக்க தோஷத்தில் காரைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பம்பின் பிடியில் கை வைத்துவிட்டாள்.

பெரிய சத்தம் எல்லாம் வரவில்லை. டேங்க் வாயில் குப்பென்று நெருப்பு எழுந்தது. வெயிலில் அது நெருப்பு என்று புரியவே எனக்கு ஒரு நொடி ஆனது. என் இடது கை அவசர பொத்தானை அடித்தது. எல்லாப் பம்புகளும் நின்றன. ஆனால் நெருப்பு நிற்கவில்லை. டேங்க் வாயில் வந்துகொண்டிருந்த ஆவி எரிந்துகொண்டிருந்தது.

பம்பின் மூக்கு டேங்க் வாய்க்குள் இருக்கிறவரை நெருப்பு அந்த வாயோடு நிற்கும். அதை வெளியே இழுத்தால் அதிலிருக்கிற எண்ணெய் எரிந்துகொண்டே அவள் மேலும் கார் மேலும் தரை மேலும் கொட்டும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு கையாலும் பிடியைப் பற்றினாள். பிள்ளை இருக்கிற காரில் நெருப்பு. அதைப் பிடுங்கி எறியத்தான் எந்தத் தாய்க்கும் தோன்றும். அவளைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும், சுவரில் எழுதி ஒட்டியிருந்ததும் ஒன்றுதான்: இழுக்காதே, விட்டுவிட்டு விலகிப் போ. அதைத்தான் மைக்கில் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். சொன்னால் கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவாள்? அபாங் சொன்னது அப்போது நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது. வாய்தான் பேசியது.

"புவனா, புள்ளைய எடு. அந்தப் பக்கக் கதவு. சாவி ஒன் பையில இருக்கு."

கத்தவில்லை. நான் ஆயுசில் மைக்கில் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை.

அவள் கைகள் பிடியை விட்டுவிட்டன. விடு என்று நான் சொல்லவே இல்லை. சாவியை எடுக்க வேண்டும், அதனால் விட்டன. காரின் பின்பக்கமாகச் சுற்றி ஓடி, நெருப்பு இல்லாத பக்கத்துக் கதவைத் திறந்து, பிள்ளையை வாரி எடுத்தாள்.

"கடைக்குள்ள வா. எங்கிட்ட வா."

வந்தாள்.

அதற்குள் நான்காம் பம்பில் நின்ற ஒருவர், கண்ணாடி துடைக்க வைத்திருக்கும் வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டார். பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு தண்ணீர் மேல் மிதந்து நாலாபக்கமும் போகும். நல்ல மனசுள்ள மனிதர்தான், உதவி செய்யத்தான் வந்தார். அபாங் தீயணைப்பு உருளையோடு ஓடி வருகிற வழியில் அவரிடம், வாசலில் போய் நின்று உள்ளே வருகிற கார்களைத் தடுங்கள் என்று மலாயில் சொன்னார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்த மனிதர் வாசலுக்கு ஓடினார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்தால் பஸ்ஸையே நிறுத்தியிருப்பார்.

அபாங் காற்று வருகிற பக்கமாக நின்று, வெள்ளைப் பொடியை டேங்க் வாயில் அடித்தார். நெருப்பு போய்விட்டது. போம்பா என்கிற தீயணைப்பு வண்டி வந்தபோது கார் மாவில் புரட்டியது போல நின்றுகொண்டிருந்தது. டேங்க் மூடியைச் சுற்றிப் பெயிண்ட் கருகியிருந்தது, பின் கண்ணாடியில் ஒரு விரிசல். அவ்வளவுதான். பம்பை யாரும் இழுக்காததால் பிழைத்தீர்கள் என்று போம்பாக்காரர் சொன்னார். சாவி காரில் மாட்டி, கதவு பூட்டாமல் இருந்திருந்தால் அவள் கைக்கு எட்டிய நெருப்புப் பக்கத்துக் கதவு வழியாகத்தான் உள்ளே தலையை விட்டிருப்பாள் என்பது எனக்குத்தான் தோன்றியது. தோன்றியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

யாழினி கடைக்குள் ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கத்தில் எழுப்பிய கோபம் மட்டும்தான் அவளுக்கு. புவனா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். வரிசையில் நின்று பாவம் என்று சொன்னவர் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தார்.

முதலாளி அலறியடித்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கருகின இடத்தைப் பார்த்தார். பிறகு கவுண்டருக்குள் வந்து, மைக்கின் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு வெளியே போனார். அதுதான் அவர் எனக்குக் கொடுத்த விருது.

இதோடு முடிந்தது என்றால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மைக்கை எடுத்தால் கை நடுங்கியது. ஒருவர் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார், எனக்குக் குரலே வரவில்லை. அபாங்தான் போய்ச் சொன்னார். அன்று வேலை முடிந்து போகும்போது முதலாளியிடம், தைப்பூசம் முடிந்ததும் என்னைக் கணக்கு வேலைக்கு உள்ளே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மனசாரச் சொன்னேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இனி உட்கார முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. யோசித்துச் சொல் என்றார்.

தைப்பூசத்தன்று காலையில், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் போட்டிருந்த பந்தலில் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் கை நடுங்கி, பாதி மோர் மேசையில். புவனா மஞ்சள் சேலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. யாழினி கையில் ஒரு பலூன்.

"அக்கா, ரெண்டு நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

"கேளு."

"அங்க சுவத்துல எழுதி ஒட்டியிருக்கே, தீப்பிடிச்சா விட்டுட்டுப் போயிடுங்கன்னு. நீங்க ஏன் என்னைப் போகச் சொல்லல?"

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

அவள் பிள்ளையைப் பார்த்தாள்.

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோர் கேட்டாள். நான் ஊற்றினேன், பாதி வெளியே போனது. அவள் என் கையைப் பார்த்தாள். கிளாஸை வாங்கி மேசையில் வைத்தாள்.

"அக்கா, மோர் அப்புறம் ஊத்தலாம். கொஞ்சம் இவளப் புடிங்க."

பிள்ளையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம். யாழினி பலூன் கயிற்றை என் கழுத்தில் சுற்றி விளையாட ஆரம்பித்தாள். பந்தல்காரர்கள் கூப்பிட்டதும் புவனாவே மோர்ச் சொம்பை எடுத்து வருகிறவர்களுக்கு ஊற்ற நின்றுவிட்டாள். நான் பிள்ளையோடு நிழலில் நின்றேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன், கை நடுங்கவில்லை. பிள்ளையைப் பிடித்திருக்கிற கை எப்படி நடுங்கும்?

அபாங் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. புவனா அதை யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அவளுக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன். யாழினி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். போன வாரம்கூட அம்மாவோடு எண்ணெய் போட வந்திருக்கிறாள், உங்களில் யாராவது பார்த்திருப்பீர்கள். உயரமான பிள்ளை, கார் நின்றதும் இறங்கிக் கடைக்குள் வந்துவிடுவாள்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் காலை நான் வேலைக்கு வந்து மைக்கை எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலாளி பக்கத்தில் நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பம்பில் ஒரு வெள்ளைக் கார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். அன்று அதைச் சொல்லவில்லை.

"பம்ப் நம்பர் ஒண்ணு, வெள்ளைக் காடி அக்கா, சாவிய எடுத்துக் கையில வச்சுக்குங்க."